எதிரி தெரிந்தவுடன் சுடுவதா, பொறுப்பதா? போர் விளையாட்டுகளில் லீடரும் சுடும் கட்டுப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், சுடும் கட்டுப்பாடு என்றால் என்ன?

ஃபயர் டிசிப்ளின் என்று சொல்வார்களே, அதுதான். எப்போது சுட வேண்டும், எவ்வளவு நேரம் சுடாமல் பொறுக்க வேண்டும், யாரைச் சுட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், இதெல்லாம் ஒரு படைக்குப் பழகியிருக்கிறதா என்பது. பயந்துபோனவன் தூரத்தில் ஏதோ அசைந்தாலே சுட்டுத் தீர்த்துவிடுவான், இல்லையென்றால் தலையைக் குனிந்துகொண்டு சுடவே மாட்டான். இரண்டுமே கட்டுப்பாடு போனதன் அடையாளம். பக்கத்தில் தெளிவாகப் பேசும் ஒரு தலைவர் இருந்தால் இரண்டும் குறையும். இதை எண்களாகவும் விதிகளாகவும் மாற்ற விளையாட்டு வடிவமைப்பாளர்கள் பல வழிகளில் முயன்றிருக்கிறார்கள். நான் அதிகம் ஆடிய இரண்டை வைத்துத்தான் இங்கே பெரும்பாலும் பேசப்போகிறேன்: மேசையில் ஆடும் அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர் (சுருக்கமாக ஏ.எஸ்.எல்.), கணினியில் ஆடும் காம்பாட் மிஷன்.

ஏ.எஸ்.எல். லீடர் காயில் 9-1, 8-0 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

ஒரு தலைவரைக் குறிக்கும் சின்ன அட்டைதான் லீடர் காய். அதில் முதல் எண் அவருடைய மனவுறுதி. இரண்டாவது எண் அவர் மற்றவர்களுக்குத் தரும் உதவி. இந்த விளையாட்டில் இரண்டு பகடை போட்டு, குறைவாக விழுந்தால்தான் நல்லது. அதனால் 9-1 என்றால் அவர் வழிநடத்தும் தாக்குதலில் விழுந்த எண்ணிலிருந்து 1 குறையும், 10-2 என்றால் 2 குறையும். ஒரு 1 குறைந்து என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள்: 6 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும் என்றால் வாய்ப்பு 36-க்கு 15. லீடர் ஒன்றைக் குறைத்தால் 7 விழுந்தாலும் போதும், அது 36-க்கு 21. இரண்டைக் குறைத்தால் 36-க்கு 26. ஆட்களும் துப்பாக்கியும் அதேதான், பக்கத்தில் நின்று சொல்பவர் மட்டும்தான் மாறியிருக்கிறார்.

ஆனால் இந்த எண்ணை மட்டுமே பார்ப்பதுதான் புதிதாக ஆடுபவர்கள் செய்யும் பெரிய தப்பு. அதற்கு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

பம்முதல் என்று ஒரு விதி இருக்கிறதாமே?

விதிப்புத்தகத்தில் கௌவரிங் என்று இருக்கும், நான் ஆடும் இடத்தில் பம்முவது என்றுதான் சொல்வோம். இந்த விளையாட்டில் சுடும் கட்டுப்பாட்டின் உயிரே இந்த விதியில் இருக்கிறது என்பேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லீடர் வழிநடத்தாத ஒரு காலாட்படை ஸ்குவாட் (சிறு வீரர் குழு) சுடும்போது இரண்டு பகடையிலும் ஒரே எண் விழுந்தால், அந்த ஸ்குவாட் பம்மிவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் பேர் சுட்டார்கள், கொஞ்சம் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், யாரோ ஒருவன் வானத்தைப் பார்த்துச் சுட்டான், அப்படி எடுத்துக்கொள்ளுங்கள். தாக்குதல் அட்டவணையில் சுடுதிறன் கூடக் கூட 1, 2, 4, 6, 8, 12, 16 என்று பத்திகள் போகும். பம்மினால் ஒரு பத்தி இடது பக்கம் நகர வேண்டும், 8-இல் சுட்டிருந்தால் 6-இல் பார்க்க வேண்டும். அனுபவமில்லாத படை என்றால் இரண்டு பத்தி, அதாவது 8 போய் 4.

அதோடு முடியவில்லை. எதிரியின் முறையில் நீங்கள் தற்காப்பாகச் சுட்டுப் பம்மினால், அந்த ஸ்குவாட் தன் வேலை எல்லாம் முடிந்ததாகக் குறிக்கப்பட்டுவிடும். சாதாரணமாக ஒருமுறை சுட்ட பிறகும் நெருங்கி வருபவனைப் பாதி சுடுதிறனில் இன்னொருமுறை சுடலாம், அந்த வாய்ப்பு போய்விடும். அதற்கப்புறம் பக்கத்துக் கட்டத்துக்கே (வரைபடம் அறுகோணக் கட்டங்களால் ஆனது) வந்துவிட்டவனை மட்டும் கடைசித் தற்காப்பாகச் சுடலாம். அப்போதும் அதே பகடை எண் உங்கள் ஆட்களின் மனவுறுதிச் சோதனையாகவும் (மனவுறுதி எண்ணைத் தாண்டினால் தோல்வி) கணக்காகும், மோசமாக விழுந்தால் சுட்டவர்களே உடைந்து ஓடுவார்கள்.

பம்முவது அடிக்கடி நடக்குமா என்ன?

இரண்டு பகடையில் ஒரே எண் விழ வாய்ப்பு ஆறில் ஒன்று. லீடர் இல்லாமல் ஆறு முறை சுட்டால் ஒருமுறையாவது பம்ம மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. பன்னிரண்டு முறை சுட்டால் 100-க்கு 89. ஒரு ஆட்டத்தில் பன்னிரண்டு முறை சுடுவது மிகச் சாதாரணம். இன்னொன்றையும் யோசியுங்கள்: 1-1 என்பது விழக்கூடியதிலேயே நல்ல எண், ஆனால் அதுவும் ஜோடிதான். வாழ்நாளில் மறக்க முடியாத பகடை விழுந்த அதே நேரத்தில் உங்கள் ஆட்கள் பம்முவார்கள். எனக்கு அது நடந்தபோது எதிரில் ஒரு முழு ஸ்குவாட் திறந்த சாலையில் நின்றது, அன்றிலிருந்து லீடரை எங்கே நிறுத்துவது என்பதில் நான் காட்டும் கவனமே வேறு.

அப்படியென்றால் 8-0, 7-0 லீடர்கள் பயனில்லாதவர்கள் என்பது சரியா?

சரியில்லை, இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. 8-0 லீடர் பகடை எண்ணில் எதையும் குறைக்க மாட்டார், உண்மைதான். ஆனால் அவர் வழிநடத்தும் தாக்குதல் பம்மாது. அந்த ஆறில் ஒன்று என்ற ஆபத்தை அவர் இருப்பு மட்டுமே துடைத்துவிடுகிறது. நிஜ வாழ்க்கையிலும் அப்படித்தானே, ஒரு சார்ஜன்ட் பெரிய தந்திரசாலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை, "இன்னும் இல்லை, பொறு, பொறு, இப்போ" என்று சொல்ல அவர் அங்கே இருந்தால் போதும்.

பச்சை ஸ்குவாட்களுக்கு இது இன்னும் முக்கியம். கிரீன் என்று குறிக்கப்பட்ட படை தனியாக இருந்தால் அனுபவமில்லாததாகக் கணக்காகும்: மெதுவாக நகரும், அவர்கள் கையில் இருக்கும் இயந்திரத் துப்பாக்கி சீக்கிரம் பழுதாகும், பம்மினால் இரண்டு பத்தி போகும். அதே கட்டத்தில் நிலைகுலையாத ஒரு லீடர் இருந்தால் அந்தக் குறைகள் நீங்கும். கான்ஸ்கிரிப்ட், அதாவது கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட படைக்கு அந்தச் சலுகையும் இல்லை.

6+1 லீடர் என்று ஒருவர் வருகிறாரே, அவரை என்ன செய்வது?

அவர் வழிநடத்தினால் பகடையில் 1 கூடும், அதாவது உங்களுக்குக் கெடுதல், ஆனால் பம்மல் இருக்காது. வழிநடத்தச் சொல்வது உங்கள் விருப்பம்தான். நான் அவரை முன்வரிசையில் வைக்க மாட்டேன். உடைந்து ஓடிவரும் ஸ்குவாட்களைத் திரட்ட ஒரு ஆளாவது பின்னால் வேண்டுமே, அங்கே வைப்பேன்.

என் கையில் ஒரு 9-2, இரண்டு 8-0 இருக்கிறார்கள். யாரை எங்கே நிறுத்த?

வரைபடத்தைப் பார்க்காமல் சொல்வது கடினம், ஆனாலும் நான் யோசிக்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு லீடர் தன் கட்டத்தில் இருப்பவர்களைத்தான் வழிநடத்த முடியும். பல கட்டங்களில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரே தாக்குதலாகச் சுட்டால், லீடர் உதவி கிடைக்க ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு லீடர் வேண்டும், அதிலும் இருப்பவர்களில் மோசமான எண்தான் எடுபடும். 9-2-ஐயும் 8-0-ஐயும் சேர்த்து ஒரு தாக்குதல் செய்தால் கிடைப்பது 0 மட்டும். ஆகவே 9-2-ஐத் தனியாக, இயந்திரத் துப்பாக்கிகள் இருக்கும் கட்டத்தில், நீளமான பார்வை கிடைக்கும் இடத்தில் வையுங்கள். இயந்திரத் துப்பாக்கி ஒரே முறையில் பல தடவை சுட வாய்ப்புள்ள ஆயுதம், ஒவ்வொரு தடவையும் அந்த 2 கிடைக்கும். 8-0-களை எதிரி கட்டாயம் வந்து மோதும் இடங்களில், ஸ்குவாட்களோடு நிறுத்துங்கள். அங்கேதான் பம்மல் உங்களைக் கொல்லும்.

சிலர் நல்ல லீடரைத் தாக்குதலில் முன்னால் ஓடவிடுவார்கள். சில நேரம் அதுவும் தேவைப்படும், ஆனால் அவர் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

என்ன ஆகும்?

அதே கட்டத்தில், அவரைவிட மனவுறுதி குறைந்த எல்லோரும் உடனே மனவுறுதிச் சோதனை எடுக்க வேண்டும். அதுவரை அவர் உதவியால் நின்றுகொண்டிருந்தவர்கள் அவர் இல்லாமல் அந்தச் சோதனையை எடுக்கிறார்கள். ஒரே ஒரு நல்ல குண்டு, முழுக் கட்டமும் காலி, இப்படி நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லா நம்பிக்கையையும் ஒரே ஆள்மேல் வைக்கும் படைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு, விளையாட்டு அதை நேர்மையாகக் காட்டுகிறது.

எதிரி தெரிந்தவுடன் சுட்டால் என்ன தப்பு? சேதம் சேதம்தானே?

இதற்கு எண்களிலேயே பதில் இருக்கிறது. ஜெர்மன் முதல்வரிசை ஸ்குவாட் 4-6-7: சுடுதிறன் 4, தூரம் 6 கட்டம், மனவுறுதி 7. ஒரு கட்டம் 40 மீட்டர், ஆக 240 மீட்டர் வரை முழுத் திறன். அதற்கு மேல் அதன் இரட்டிப்புத் தூரம் வரை பாதித் திறன். பக்கத்துக் கட்டத்தில் இருந்தால் இரட்டிப்பு.

இப்போது ஒரு வீட்டில் இரண்டு 4-6-7, கூட ஒரு 8-1. எதிரி 10 கட்டம் தள்ளி, 400 மீட்டரில், வயலில் வருகிறான். இப்போதே சுட்டால் ஒவ்வொன்றும் 2, சேர்த்தால் 4. அதே எதிரியைப் பக்கத்துச் சாலையில் கால் வைக்கும்வரை விட்டுவிட்டுச் சுட்டால் ஒவ்வொன்றும் 8, சேர்த்தால் 16. அட்டவணையில் நான்கு பத்தி வித்தியாசம். அவன் திறந்த வெளியில் ஓடிவருவதற்காக 2, உங்கள் லீடருக்காக 1, மொத்தம் 3 குறையும். 16-ஆம் பத்தியில் 3 குறைத்துப் பகடை போடுவது எப்படியிருக்கும் என்பதை ஒருமுறை ஆடிப் பார்த்தால் மறக்க மாட்டீர்கள்.

தூரத்தில் சுட்டால் இன்னொரு இழப்பும் உண்டு. 16 கட்டத்துக்குள் உங்களைப் பார்க்கக்கூடிய எதிரி இருந்தால், மறைவில் இருந்த உங்கள் படை சுட்டவுடன் வெளிப்பட்டுவிடும். அதுவரை அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தயங்கி வந்தவன், இப்போது பீரங்கியையோ டாங்கையோ அதன் பக்கம் திருப்புவான்.

ஆனால் எப்போதும் பொறுப்பதும் சரியில்லை. எதிரியிடம் புகைக்குண்டு நிறைய இருந்தால், அல்லது அவன் உங்களைச் சுற்றிப் போகவே முடிவு செய்திருந்தால், பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் சுட ஆளே இருக்காது. எது எப்போது என்று தீர்மானிப்பதுதான் உங்கள் வேலை, லீடர் காய் அந்தத் தீர்மானம் சிதறாமல் நடக்க உதவும், அவ்வளவே.

பிரிட்டிஷ் படை மட்டும் பம்மாதாமே, அது பாரபட்சம் இல்லையா?

எலீட் (தேர்ந்த படை), முதல்வரிசை பிரிட்டிஷ் ஸ்குவாட்கள் பம்முவதில்லை, உண்மை. தேசத்துக்கு ஒரு குணம் என்று விதி எழுதுவது எனக்கும் முழுக்கப் பிடித்த விஷயமில்லை. ஆனாலும் இதற்குப் பின்னால் ஒரு பயிற்சி மரபு இருக்கிறது. 1914 ஆகஸ்ட் 23 அன்று பெல்ஜியத்தின் மோன்ஸில் சண்டையிட்ட பிரிட்டிஷ் தொழில்முறை வீரர்களுக்கு நிமிடத்துக்கு 15 குறிபார்த்த குண்டுகள் சுடும் அளவுக்குப் பயிற்சி இருந்தது. அந்த ராணுவம் சுடும் உத்தரவுக்கே ஒரு வரிசை வைத்திருக்கிறது: எந்தக் குழு, எவ்வளவு தூரம், எதைக் குறிவைத்து, எந்த விதத்தில். நான்கையும் சொன்ன பிறகுதான் சுட வேண்டும். உத்தரவே ஒரு வரிசையில் வந்தால் பதற்றம் தானாகக் குறையும் என்பது எனக்கு மிகவும் பிடித்த யோசனை.

காம்பாட் மிஷனில் இது எப்படி வேலை செய்கிறது?

2000-இல் வந்த முதல் காம்பாட் மிஷனில் ஆட்டம் 60 வினாடித் துண்டுகளாக ஓடும். உத்தரவு கொடுத்துவிட்டு அந்த ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான், நடுவில் நிறுத்த முடியாது. அதனால் சுடும் கட்டுப்பாடு அங்கே இன்னும் நிஜமாக உறைக்கும். தலைமையகக் குழுவுக்கு நான்கு திறன்கள்: கட்டளை, சண்டை, மனவுறுதி, மறைவு. கட்டளை நன்றாக இருந்தால் தூரத்தில் இருக்கும் ஸ்குவாட்டும் அவர் கைக்குள் வரும். சண்டைத் திறன் அவருக்குக் கீழே இருப்பவர்களின் சுடுதிறனைக் கூட்டும். மனவுறுதி, குண்டு விழும்போது அவர்கள் கலையாமல் இருக்க. மறைவு, பதுங்கியிருப்பவர்கள் கண்ணில் படாமல் இருக்க.

எல்லோரும் சண்டைத் திறனைத்தான் தேடுவார்கள். பதுங்கித் தாக்க வேண்டும் என்றால் நான் முதலில் பார்ப்பது மறைவும் மனவுறுதியும். எதிரி நெருங்கும்வரை கண்ணில் படாமலும் கலையாமலும் இருந்தால்தானே சுடும் நேரமே வரும்?

தலைமையகத்திலிருந்து ஒவ்வொரு ஸ்குவாட்டுக்கும் ஒரு கோடு தெரியும். சிவப்பு என்றால் கட்டளைக்குள், கறுப்பு என்றால் வெளியே. கறுப்பாக இருந்தால் உத்தரவு போய்ச்சேரத் தாமதமாகும், அவர் திறன்கள் எதுவும் அங்கே எட்டாது. ஒவ்வொரு நிமிடமும் முதலில் இந்தக் கோடுகளைப் பாருங்கள், அப்புறம் எதிரியைப் பாருங்கள்.

புதிய காம்பாட் மிஷன்களில்?

2007-இல் வந்த ஷாக் ஃபோர்ஸ் தொடங்கி கணக்கு மாறிவிட்டது. தலைமைத்திறன் -2 முதல் +2 வரை ஒரே எண், தன் ஆட்களைக் கட்டுப்படுத்தி ஊக்கப்படுத்த ஒருவருக்கு எவ்வளவு முடியும் என்பதன் அளவு. அனுபவமும் போராடும் மனநிலையும் தனித்தனி எண்கள். தொடர்பு குரலாலா, கண்ணாலா, ரேடியோவாலா என்பதையும் விளையாட்டு கவனிக்கும். -2 லீடரோடு இருக்கும் அனுபவசாலிகள் ஒருவிதம், +2 லீடரோடு இருக்கும் பச்சை ஆட்கள் வேறுவிதம், இரண்டையும் ஒரே வேலைக்கு அனுப்பக் கூடாது. பச்சை ஆட்களையும் மோசமான லீடரையும் சேர்த்துப் பதுங்கல் வேலை கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். அவர்களுக்குப் பின்னால் இருந்து ஒரு இடத்தை நோக்கிச் சும்மா சுட்டுக்கொண்டே இருக்கும் வேலை போதும்.

காம்பாட் மிஷனில் சுடும் எல்லை (இந்தத் தூரத்துக்குள் வந்தால் மட்டும் சுடு என்ற உத்தரவு) போட்டும் என் ஆட்கள் கெடுத்துவிடுகிறார்களே?

பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, எல்லையை 250, 300 மீட்டர் என்று பெரிதாகப் போடுவது. பதுங்கித் தாக்க வேண்டுமென்றால் 70, 80 மீட்டர் போதும். இரண்டு, பதுங்கு உத்தரவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது. பதுங்கியவர்கள் தரையோடு படுத்துவிடுவார்கள், அவர்களுக்குப் பார்வை குறைவு, எதிரி பக்கத்தில் வந்தும் தெரியாமல் போகும். எதிரி நெருங்கும் நிமிடத்தில் பதுங்கலை எடுத்துவிட்டு எல்லையை மட்டும் வையுங்கள். குழுத்தலைவர் குரல் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஸ்டீல் பேந்தர்ஸ், குளோஸ் காம்பாட் என்ற கணினி விளையாட்டுகளை ஆடுகிறேன், அங்கேயும் இதே கதையா?

ஸ்டீல் பேந்தர்ஸில் ஒவ்வொரு படைக்கும் எதிர்வினையாகச் சுடும் தூரத்தை நீங்களே குறைத்து வைக்கலாம், பலர் அதைத் தொடுவதே இல்லை. லீடரின் திரட்டும் திறன் அடக்குநிலையை (எதிரியின் சுடுதலால் ஒடுங்கிப்போகும் அளவை) குறைக்கும், அடக்குநிலை அதிகமானால் குறி தவறும். குளோஸ் காம்பாட்டில் பதுங்கித் தாக்கு, தற்காத்துக்கொள் என்று இரண்டு தனி உத்தரவு உண்டு, முதலாவதில் எதிரி நெருங்கும்வரை பொறுப்பார்கள். ஒவ்வொரு வீரனுக்கும் தனி மனநிலை உள்ள விளையாட்டு அது, பயந்தவன் உத்தரவைக் கேட்க மாட்டான்.

இதெல்லாம் நிஜப் போரில் நடந்ததா, வடிவமைப்பாளர்களின் கற்பனையா?

1759 செப்டம்பர் 13, கியூபெக்குக்கு வெளியே ஆபிரகாம் சமவெளி. பிரெஞ்சுப் பட்டாளங்களில் கனடிய உள்ளூர்க் காவல்படையினரையும் கலந்து நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் காட்டுச் சண்டையில் தேர்ந்தவர்கள், வரிசைச் சண்டைக்குப் பழகாதவர்கள். தூரத்திலேயே சுட்டுவிட்டு, தங்கள் வழக்கப்படி தரையில் படுத்து மருந்து கெட்டிக்க ஆரம்பித்தார்கள், வரிசை குலைந்தது. எதிரே பிரிட்டிஷ் தளபதி வுல்ஃபின் வீரர்கள் சுமார் 40 கஜம் வரும்வரை பொறுத்து ஒரே வீச்சாகச் சுட்டார்கள். சண்டை அங்கேயே தீர்ந்துவிட்டது. அந்தக் கனடியர்களைக் கோழைகள் என்று யாரும் நினைக்க வேண்டாம், பழக்கமில்லாத சண்டைமுறையில், பழக்கமில்லாத தலைவர்களுக்குக் கீழே நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள்.

இன்னொன்று, 1775 ஜூன் 17, பாஸ்டனுக்குப் பக்கத்தில் பங்கர் ஹில் சண்டை. அமெரிக்கர்களிடம் வெடிமருந்து மிகக் குறைவு, அதனால் வில்லியம் பிரெஸ்காட் போன்ற அதிகாரிகள் நெருங்கும்வரை சுட விடவில்லை. இரண்டு முறை பிரிட்டிஷார் திரும்பிப் போனார்கள், மூன்றாவது முறை மருந்து தீர்ந்ததால்தான் மேடு விழுந்தது. பிரிட்டிஷ் பக்கம் இறந்தவர்களும் காயமடைந்தவர்களும் ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் முழுநேர வீரர்கள் இல்லை, ஆனால் பக்கத்தில் நின்று தடுத்துவைக்க ஆள் இருந்தது.

போர்க்களத்தில் நாலில் ஒருவர்தான் சுட்டார்கள் என்று சொல்கிறார்களே?

1947-இல் எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற அமெரிக்கர் வைத்த வாதம் அது. பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் பலர் அந்த எண்ணிக்கைக்கு ஆதாரம் போதாது என்று கடுமையாக மறுத்திருக்கிறார்கள். அதை வைத்து விளையாட்டுக்குச் சொந்தமாக விதி எழுத வேண்டாம் என்பதே என் யோசனை.

சரி, இதைப் பழக எங்கிருந்து தொடங்குவது?

சின்னதாக ஒரு பயிற்சி ஆட்டம் வையுங்கள். ஏ.எஸ்.எல். என்றால் ஒரு சாலை, இந்தப் பக்கம் மூன்று ஸ்குவாட், ஒரே ஒரு 8-0, எதிர்ப்பக்கம் ஆறு ஸ்குவாட், ஆட்டம் ஐந்து சுற்று. மேசை விளையாட்டுகளைக் கணினியில் ஆட உதவும் வாஸல் மென்பொருளில் இலவசமாகவே ஆடலாம், எதிரில் ஆடுபவர் வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. முதல் ஆட்டத்தில் எதிரி தெரிந்தவுடன் சுடுங்கள். இரண்டாவதில் இரண்டு கட்டத்துக்குள் வரும்வரை சுடாதீர்கள், லீடரை எந்த ஸ்குவாட்டோடு வைத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் லீடரையே எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை முறை பம்மினார்கள், பம்மிய அடுத்த நிமிடம் எதிரி எங்கே நின்றான் என்று ஒரு தாளில் எழுதுங்கள். என் தம்பிக்கு நான் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது ஆட்டம் பாதியில் இருக்கும்போதே "அண்ணா, அந்த எட்டு-பூஜ்யத்தைத் திருப்பிக் கொடு" என்று கேட்டான்.